கலியாணம் சரிவரும்வரை வெயில் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு நான் முதலில் கண்டது என் வலது கையை. அது என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெருவிரல் உள்ளங்கைப் பக்கம் மடிந்திருந்தது. மற்ற நான்கு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, விறைத்து, ஒரு கொக்கு தலை குனிந்ததுபோலக் கீழே வளைந்திருந்தன. கொக்கின் அலகுக்குள் ஒரு தேநீர்க் கோப்பையின் கைபிடி. கோப்பையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவர் திரேசா அன்ரி. கொட்டாஞ்சேனையிலிருந்து தன் மகனுக்கு என்னைப் பொம்பிளை பார்க்க வந்திருந்தார். அந்த நிமிடம்வரைக்கும் அவர் என் வருங்கால மாமியார்.

ஒருவர் அவமானப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. இரத்தத்தில் கொஞ்சம் கல்சியம் குறைந்தால் போதும். மிச்சத்தைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது. ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். பின்னேரம் போய், பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகு அலுவலக வான் வண்டியில் வீடு திரும்பி, பகலில் தூங்குகிற வேலை. வீடு வெள்ளவத்தையில், காலி வீதி என்கிற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில். வாங்கிய காலத்தில் பல்கனியில் நின்றால் கடல் தெரியுமாம் (அப்பா சொல்வது, நான் கண்டதில்லை). பிறகு முன்னால் ஒரு ஃபிளாட் எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. கடல் எங்களுக்கு வாசனையாகவும் யன்னல் கம்பியில் துருவாகவும் மட்டும் மிஞ்சியது. மத்தியானத்திலும் குசினியில் லைட் போடவேண்டும். கரப்பான்பூச்சிகளுக்கு மட்டும் அந்த வீடு மிகவும் பிடித்திருந்தது.

தூக்கத்தில் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியது. பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. விரல் நுனிகள் மரத்துப்போயின. காலி வீதியில் பின்னேரங்களில் நோயாளர் பார்க்கும் ஒரு டொக்டரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். இரத்தம் சோதித்ததில் கல்சியம் குறைவு, விற்றமின் டி அதைவிட மோசம்.

“கல்சியத்தை மட்டும் விழுங்கிப் பிரயோசனம் இல்லை, பிள்ளை,” என்றார் டொக்டர். “குடலிலயிருந்து அதை உடம்புக்குள்ள எடுக்கிறதுக்கு விற்றமின் டி வேணும். அது இல்லாட்டி விழுங்கினதில முக்கால்வாசி வெளியிலதான் போகும்.”

என் தொழிலை வைத்து இதைப் புரிந்துகொண்டேன். செய்தி எவ்வளவு வந்து குவிந்தாலும், எடுத்துப் பக்கத்தில் போட ஆளில்லாவிட்டால் மறுநாள் பத்திரிகை வெறும் தாளாகத்தான் வரும். டொக்டர் இரண்டு மருந்துகள் எழுதினார். தினமும் கல்சியம் குளிசை, கிழமைக்கு ஒன்றாக விற்றமின் டி. எழுந்து வரும்போது, “வெயிலிலயும் கொஞ்சம் நில்லுங்கோ. கை கால் மூடாமல்,” என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்பா ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். தேவையற்ற செலவைக் கண்டால் அவருடைய பேனை தானாக எழும்பும். மருந்துக்கடை வாசலில் நின்று சொன்னார்:

“வெயில் சும்மா கிடக்குது. அதைக் குளிசைக்குள்ள அடைச்சு விக்கிறாங்கள். அதை நாங்கள் காசு குடுத்து வாங்கிறதோ?”

எனக்கும் சரியென்றுதான் பட்டது. விற்றமின் டி வெட்டப்பட்டது. கல்சியத்துடன் வீடு வந்தோம்.

வீட்டில் அம்மா, “வெயிலோ? இப்பவோ?” என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கிழமைதான் கொட்டாஞ்சேனைச் சம்பந்தம் வந்திருந்தது. பையனின் பெயர் ரொஷான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு விடுவிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. எங்களைப்போலக் கத்தோலிக்கக் குடும்பம். பொம்பிளை என்ன நிறம் என்பதுதான் அவர்கள் தரகரிடம் கேட்ட முதல் கேள்வியாம். நான் மாநிறத்துக்கு ஒரு படி கீழே. ஆனால் அவர்களுக்கு அனுப்பிய படத்தில் ஸ்ரூடியோக்காரர் என்னைச் சுட்ட பாண் ரொட்டியின் வெள்ளை உட்பக்கம்போல ஆக்கியிருந்தார். அந்தப் படத்துக்கும் எனக்கும் இடையில் இருந்த தூரத்தை அம்மா எப்படியாவது குறைக்கவேண்டியிருந்தது.

“படத்தில இருக்கிற நிறத்தில பிள்ளையைக் காட்டவேணும்,” என்றார். “இது சரிவரட்டும். பிறகு நானும் நீயும் மேல போய் நாள் முழுக்க வெயில் காய்வம்.”

இப்படியாக, வெயில் இலவசம் என்பதால் அப்பா மருந்தை நிறுத்தினார். கலியாணம் பேசப்படுகிறது என்பதால் அம்மா வெயிலை நிறுத்தினார். இரண்டு தீர்மானங்களும் தனித்தனியே நியாயமானவை. இரண்டுக்கும் தலையாட்டிய ஒரே ஆள் நான். எனக்கு மிஞ்சியது கல்சியம் குளிசை, நெத்தலிப் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், ஒரு கிளாஸ் பால். இவற்றை உடம்புக்குள் எடுக்கத்தான் ஆளில்லை.

பஸ் தரிப்பிடத்துக்கு அம்மா கறுப்புக் குடையுடன் கூடவே வந்தார். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். இருவருக்கும் முழுக்கைச் சட்டை. பஸ் புறப்பட்டாலும் யன்னலோரம் இருக்கவேண்டாமென்று வெளியே நின்று சைகை காட்டுவார். (கொண்டக்டர் அது தனக்கென்று நினைத்து ஒருமுறை பஸ்ஸை நிறுத்தினார்.)

நான் பத்திரிகையில் பார்த்துக்கொண்டிருந்தது ஆரோக்கியப் பக்கம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அந்த மாதமே ஒரு மருத்துவரின் கட்டுரையைச் செம்மைப்படுத்தி, ‘வெயிலுக்கு ஒளியாதீர்கள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். படத்துக்கு எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரப் பெண் கடற்கரையில் இரு கைகளையும் விரித்து நின்றாள். அம்மா அந்தப் பக்கத்தை விரித்து அதன்மேல் சூடை மீன் துப்புரவாக்கினார்.

கால் இழுப்பு கூடியபோது அம்மாவுக்கும் மனம் பொறுக்கவில்லை. எங்கள் அறை யன்னலில், இரண்டு கட்டடங்களுக்கு இடையில் தப்பி வரும் ஒரு கீற்று வெயில் முற்பகலில் கொஞ்ச நேரம் விழும். கண்ணாடியை இறுக்கிச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் கதிரையைப் போட்டார். “இதில இரு. வெயிலும் படும், கறுக்கவும் மாட்டாய்.” தூக்கக் கலக்கத்தில் அங்கே இருந்தேன், கடை யன்னலில் காட்சிக்கு வைத்த கேக் மாதிரி. உண்மையாகவே கறுக்கவில்லை. அம்மாவுக்கு அதில் பெருமை.

பொம்பிளை பார்க்க வரும் நாள் நெருங்கியபோது குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த கல்சியம் போத்தலும் காணாமல்போனது. தரகர் எந்த நேரமும் வரக்கூடும். “எலும்பில பெலன் இல்லையெண்டு தெரிஞ்சால் பிள்ளை பெறமாட்டாளெண்டு கதைப்பினம்,” என்று அம்மா அதை எங்கேயோ ஒளித்தார். நல்ல இடமாகத்தான் இருந்திருக்கவேண்டும். பிறகு அவருக்கே அது அகப்படவில்லை.

இதையெல்லாம் அம்மாவின் தலையில் போட்டுவிட எனக்கு ஆசை. ஆனால் எனக்கும் இந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. ரொஷானின் படத்தை அலுவலக அகராதிக்குள் வைத்திருந்தேன். (எந்த எழுத்தில் என்று சொல்லமாட்டேன்.) அதற்கு முன் வந்த மூன்று சம்பந்தங்களும் படத்தோடு நின்றுவிட்டன. வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்கப்போகிற முதல் மாப்பிள்ளை இவர்தான். அவர்கள் வரவிருந்த அன்று பின்னேரம் என் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே அம்மா சொன்னார்:

“இதுவும் சரிவராட்டி நான் இனி ஒருத்தரிட்டயும் கேக்கமாட்டன், பிள்ளை. எனக்கு ஏலாது.”

கோபமாகச் சொல்லவில்லை. வாயில் இன்னொரு ஊசி இருந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மூவர் வந்தார்கள். ரொஷான், அவருடைய அம்மா திரேசா அன்ரி, அன்ரியின் தங்கை லில்லி அன்ரி. லில்லி அன்ரியின் தோளில் ஒரு பெரிய கைப்பை. அதற்குள் பிரஷர் பார்க்கும் மெசின் இருந்தது. எங்கே போனாலும் அதைக் கொண்டுபோவாராம். இது பின்னால்தான் தெரிந்தது.

குசினியில் ஆறு கோப்பைகள் தட்டத்தில் தயாராக இருந்தன. பூப்போட்ட அந்தச் செட் அம்மாவுக்குக் கலியாணப் பரிசாக வந்தது. அதில் ஒன்றின் கைபிடி முன்பே ஒருமுறை கழன்று, அப்பா பசை வைத்து ஒட்டியது. அம்மா அதைக் காட்டி, “இது அப்பாவுக்கு. மறந்திடாதை,” என்றார். நான் தட்டத்தைத் தூக்கினேன். நெஞ்சு அடித்தது. மூச்சு வேகமாக வாங்கியது. உதடு குறுகுறுத்தது. விரல்களில் எறும்பு. இது வெட்கம் என்று நினைத்தேன். முப்பது வயதில் எனக்கு வெட்கம் வந்ததே என்று ஒரு சந்தோஷம்கூட.

தட்டத்தை ஸ்ரூலில் வைத்தபோது அது திரும்பிவிட்டது. திரேசா அன்ரிக்கு நான் எடுத்து நீட்டியது ஒட்டுப்போட்ட கோப்பை. அவர் சிரித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் வாங்கினார். நான் கொடுக்கவில்லை.

“தாங்க மகள்,” என்றார்.

நானும் தரத்தான் பார்த்தேன். கை கேட்கவில்லை.

“விடுங்க மகள். நான் பிடிச்சிட்டேன்.”

“ஓம் அன்ரி,” என்றேன். விடவில்லை.

அம்மா என்னைப் பார்த்து இமையை மட்டும் அசைத்தார். அப்பா, “பிள்ளை, கோப்பையைக் குடு,” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. திரேசா அன்ரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் இப்போது யாருமில்லை. மெல்ல இழுத்தார். நானும் கூடவே முன்னால் வந்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தார். “கோப்பையை விடுங்க மகள்” என்று அவர் சொல்லி முடிக்கவும் அப்பாவின் பசை தோற்றது. கைபிடி என்னிடம். கோப்பை அவரிடம். தேநீர் அவருடைய சேலையில்.

கடற்கரை ரயில் போகும் சத்தம் கேட்டது. அது முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

“ஒண்டுமில்லை,” என்றார் அம்மா. “பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம்.”

“பேப்பர் ஒஃபிஸில எழுதி எழுதிக் கை பிடிச்சிட்டுது,” என்றார் அப்பா அதே நேரத்தில்.

லில்லி அன்ரி என் பக்கத்தில் வந்து இருந்தார். “பிரஷரா இருக்கும். பொறுங்க, பாத்துருவம்,” என்று பையிலிருந்து மெசினை எடுத்து என் வலது கையிலேயே பட்டியைச் சுற்றினார். மெசின் ஊதியது. பிழை காட்டியது. இன்னொரு தடவை ஊதினார். பட்டி இறுக இறுக, சபை பார்த்துக்கொண்டிருக்க, என் மணிக்கட்டு உள்ளே வளைந்தது. விரல்கள் இன்னும் கூராகின. கைபிடி இன்னும் ஆழமாகப் போனது. கல்சியம் குறைந்த ஒருவருக்குக் கையை இப்படி இறுக்கிக் கட்டினால் இப்படித்தான் இழுக்குமாம். டொக்டர்மார் சோதித்துப் பார்ப்பதே இப்படியாம். லில்லி அன்ரிக்கு அது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. மெசினை மூன்றாம் தடவையும் ஊதவிட்டுத் தமக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, இது வலிப்பு மாதிரி.”

என் முன்னால் இரண்டு தலைப்புகள் இருந்தன. ‘பெண்ணுக்கு எலும்பில் பலமில்லை.’ ‘பெண்ணுக்கு வலிப்பு.’ முதலாவது சின்ன எழுத்தில் உள்பக்கத்தில் போடக்கூடியது. இரண்டாவது முன்பக்கம். அம்மாவைப் பார்த்தேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

“வலிப்பு இல்லை அன்ரி. எனக்குக் கல்சியம் குறைவு. டொக்டர் சொன்னவர்.”

“கல்சியம் குறைஞ்சா எலும்புதானே நோகும்?” என்றார் லில்லி அன்ரி. “கை எப்படி மகள் இழுக்கும்?”

ஆரோக்கியப் பக்கத்தில் அது வரவில்லை.

ரொஷான் எழுந்து வந்து எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகத் திறக்கப் பார்த்தார். அவருடைய நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு இருந்தது.

“நோகுதா?”

“இல்ல.”

“விட ஏலுமா?”

“ஏலாது.”

நாங்கள் தனியாகக் கதைப்பதற்கென்று பல்கனியில் இரண்டு கதிரைகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன. கதைத்தது இவ்வளவுதான். அவர் என் கையைப் பிடித்ததும் அவ்வளவுதான்.

அவர்கள் தேநீர் குடிக்காமல் எழுந்தார்கள். திரேசா அன்ரி வாசலில் நின்று அம்மாவின் தோளைத் தொட்டு, “முதல்ல பிள்ளைய டொக்டர்கிட்ட காட்டுங்க,” என்றார். கெட்ட மனுசி இல்லை. அதுதான் அம்மாவை அதிகம் நோகடித்தது.

ஓட்டோவில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுவில் நான், கொக்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு. அவசரப் பிரிவில் இளம் டொக்டர் ஒருவர் கையைப் பார்த்தார், கன்னத்தில் காதுக்கு முன்னால் விரலால் தட்டினார், வாயோரம் துடித்ததைப் பார்த்து இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு நரம்பில் மெல்ல மெல்லக் கல்சியம் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவியது. கொஞ்ச நேரத்தில் பெருவிரல் அசைந்தது. மற்ற விரல்கள் தளர்ந்தன. கைபிடி நழுவித் தாதி நீட்டிய தட்டில் விழுந்து ஓசை எழுப்பியது.

“இது என்ன?” என்றார் டொக்டர்.

“ஒரு செட்டில உள்ளது,” என்றார் அம்மா. தட்டிலிருந்து எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார்.

“கல்சியம் குடிக்கிறவவோ?”

“ஓம்,” என்றார் அப்பா. “போத்தல்தான் கொஞ்ச நாளாய்க் காணேல்லை.”

“விற்றமின் டி?”

“அது வெயிலில எடுக்கிறா.”

“எந்த வெயிலில?”

“யன்னலுக்குப் பக்கத்தில. கண்ணாடியைச் சாத்திப்போட்டு.”

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். “கண்ணாடிக்குள்ளால வெளிச்சம் வரும், சூடு வரும். தோலில விற்றமின் டி உண்டாக்கிற கதிர் மட்டும் வராது. எங்கட நிறத்துக்கு வெளியில நின்றாலே கொஞ்சம் கூட நேரம் வேணும். இவ்வளவு குறைஞ்ச ஆளுக்கு வெயில் மட்டும் காணாது, மருந்தும் எடுக்கவேணும்.”

“அதுதான் கறுக்கேல்லை,” என்றார் அம்மா மெதுவாக.

பயத்தில் மூச்சை வேகமாக வாங்கியதும் சேர்ந்துதான் கையை இழுத்துவிட்டது என்றும் டொக்டர் சொன்னார். நான் வெட்கம் என்று நினைத்தது அதுதான். விற்றமின் டியை அவரே எழுதித் தந்தார். சொன்னதற்குமேல் ஒன்றும் விழுங்கக்கூடாது, கூடினாலும் ஆபத்து என்றார். அப்பா இந்த முறை முழுவதையும் வாங்கினார். விலைச் சிட்டையைப் பார்க்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை தரகர் தொலைபேசியில் அழைத்தார். அம்மா வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“சாதகம் பொருந்தேல்லையாம்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.

நாங்கள் கத்தோலிக்கர். அவர்களும் கத்தோலிக்கர். இரண்டு வீட்டிலும் யாருக்கும் சாதகம் இருந்ததில்லை. தரகர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். அப்பா அதைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கி, குசினிப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கல்சியம் போத்தல் நத்தார்ப் பண்டிகைக்கு முன் அகப்பட்டது. மாதா சொரூபத்துக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு இரவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் செபித்திருக்கிறோம்.

வீட்டில் அந்த வாக்கியம் நிலைத்துவிட்டது. யாராவது ரிமோட்டைத் தராவிட்டால், வாக்குவாதத்தில் இறங்கி வராவிட்டால், மீதி நெத்தலியைத் தன் பக்கம் இழுத்தால், மற்றவர் சொல்வது, “கோப்பையை விடுங்க மகள்.” கொட்டாஞ்சேனைப் பேச்சில்தான் சொல்லவேண்டும். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்தவர் விடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. அம்மா அவருடைய காதுக்குக் குனிந்து, “கோப்பையை விடுங்க மகள்,” என்றார். அப்பாவின் வாய் ஒரு பக்கம் சிரித்தது. அதன்பிறகு விட்டார்.

நான் இப்போது காலை வேலைக்கு மாறிவிட்டேன். விடுமுறை நாட்களில் முற்பகலில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தாங்கிக்கும் உடுப்புக் கொடிக்கும் நடுவில் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு இருப்பேன். அங்கிருந்து கடல் தெரிகிறது. நன்றாகக் கறுத்துவிட்டேன். அம்மாவையும் கூப்பிடுவேன். “பிறகு வாறன்,” என்பார். படி ஏறக் கஷ்டமாக்கும் என்று விட்டுவிடுவேன்.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பெரிதாக விழவும் இல்லை. கை ஊன்றியதோடு எலும்பு போய்விட்டது. டொக்டர் இரத்தம் சோதித்தார். விற்றமின் டி, அன்று எனக்கு இருந்ததைவிடக் குறைவு.

“அம்மா, நீங்கள் வெயிலுக்கே போறேல்லையோ?” என்று கேட்டார்.

“போகத்தான் இருந்தனான்,” என்றார் அம்மா. “பிள்ளையின்ர கலியாணம் சரிவந்த பிறகு ரெண்டு பேருமாய்ப் போவமெண்டு.”

எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது.